மயக்கம் என்றொரு சொல்

தொல்காப்பியம் பயின்றவர்க்கு மயக்கம் என்றால் கலத்தல். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவது மெய்ம்மயக்கம். ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் கலப்பது திணைமயக்கம். அப்பழம்பொருளை நம் பேச்சும் விட்டுவிடவில்லை. தலை சுற்றுவது, எழுந்ததும் கண் இருட்டுவது, நினைவு தப்பி விழுவது ஆகிய மூன்றையும் கலந்து, "மயக்கமா வந்துச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். குறைந்த இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு இக்கலப்பு ஆபத்தானது.

மணலி ஆலைகளுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட சடையங்குப்பம் போன்ற ஊர்களில், கோடை வெயிலில் உழைப்பவர் தடுமாறினால் "லோ பிரஷர்தான், உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு குடி" என்பதோடு பேச்சு முடிகிறது. வியர்த்து நீரிழந்தவர்க்கு அது உதவலாம். இதயமோ சிறுநீரகமோ பழுதுற்றவர்க்கு அவ்வுப்பே தீங்காகலாம்.

90/60க்குக் கீழே இருந்தால் குறைந்த அழுத்தம் என்பர். அவ்வளவிலும் நலமாக வாழ்வோர் பலர். எண்ணைவிட மாற்றமும் அறிகுறியும் முக்கியம். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவர் அறிய வேண்டும். மயக்கம் படுத்திருக்கையில் வந்ததா, எழுந்தபோதா? நினைவு தப்பியதா? விழுந்து தலையில் அடிபட்டதா? மலம் கருத்துப் போனதா? பேதி நிற்கவில்லையா? சிறுநீர் குறைந்ததா? இவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

உட்கொள்ளும் மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் அம்மாத்திரைகள் சிலர்க்கு அழுத்தத்தை மிகையாகக் குறைப்பதுண்டு. அவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்வதே முறை.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், உடல் சில்லிட்டு வியர்த்தல், நாடி மெலிந்து விரைதல், மனக்குழப்பம், கருவுற்றவர்க்கு வயிற்றுவலியோடு மயக்கம் ஆகியவை நாளைவரை காத்திருப்பவை அல்ல. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

சொல்லத் தெரியாதது நோயாளியின் குற்றம் என்று நாம் கருதவில்லை. நீண்ட வரிசையில் நின்று, ஓரிரு நிமிடமே பேச வாய்த்தவர் வேறென்ன சொல்வார்? "எந்த மயக்கம்?" என்று கேட்பவரும் வேண்டும். மருத்துவமனைக்கு முன்னதாக, வீட்டிலிருக்கும் நாமே அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கலாம்.