வாசல் திறந்த சர்வகலாசாலை

ஒரு சர்வகலாசாலையின் பெருமையை அதன் தரவரிசையையும், அங்கே பணியாற்றியவர்கள் பெற்ற பரிசுகளையும் கொண்டு அளப்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. ஜனங்களின் வரிப்பணத்தால் நடைபெறும் கலாசாலைக்கு இந்த அளவுகோல் போதாது என்பதே என் திடமான அபிப்பிராயம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசன் நகரில், 1848-இல் ஸ்தாபிக்கப்பெற்ற சர்வகலாசாலையின் சரித்திரமே அதற்குச் சான்று.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பனிப்புயலையும் பொருட்படுத்தாது ஏறத்தாழ 190 மைல் கடந்து வந்த ஒரு குடியானவர், இறந்துபோன கிடாரி ஒன்றையும், உறைய மறுத்த இரத்தம் நிறைந்த பால் கேன் ஒன்றையும், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப்புல்லையும் கொண்டுவந்து, ரசாயனப் பேராசிரியர் கார்ல் பால் லிங்க்கின் ஆராய்ச்சிச் சாலையில் நின்றார். அந்தப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மடிந்துகொண்டிருந்தன. அதை இனி மாட்டுக்குப் போடவேண்டாம் என்பதற்கு மேல் அவருக்கு அன்று சொல்வதற்கு லிங்க்கிடம் ஒன்றுமில்லை. ஆயினும் அந்த மனிதரின் துயரத்தைத் தம் ஆராய்ச்சிக்குரிய வினாவாகவே அவர் ஏற்றுக்கொண்டார். சகாக்களோடு ஆறு ஆண்டுகள் பாடுபட்டு, 1939-இல் அந்தப் புல்லிலிருந்த விஷப்பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். டைக்குமரால் என்னும் அப்பொருளின் வழியே பின்னர் பிறந்த வார்ஃபரின், முதலில் எலிகளைக் கொல்லவும், அதன்பின் இரத்தக் கட்டிகளைத் தடுத்து மனித உயிர்களைக் காக்கவும் பயன்பட்டது. இருதய வால்வு மாற்றிக்கொண்ட எண்ணற்ற நோயாளிகளுக்கு அந்த மாத்திரை இன்றும் ஆதாரமாயிருக்கிறது.

அதற்கு முன்பே, 1890-இல், பாலிலுள்ள கொழுப்பை எளிதில் அளந்தறியும் முறையை அங்கேதான் ஸ்டீபன் பாப்காக் கண்டார். நீர் கலந்த பாலுக்கும் நல்ல பாலுக்கும் ஒரே விலை என்ற அநியாயம் ஒழிய வழிசெய்த அம்முறைக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. உணவில் புற ஊதாக்கதிர் பாய்ச்சி வைட்டமின் டி உண்டாக்கிய ஹாரி ஸ்டீன்பாக்கோ காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் வருவாய் சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக்கே சேரவேண்டுமென்று 1925-இல் ஒரு அறநிதி அமைய வழிவகுத்தார். தன்னலமற்ற அந்த ஏற்பாட்டிலும் ஒரு தீங்கு நேர்ந்ததை மறைப்பது நியாயமாகாது. பால்பண்ணையாளரின் நலம் கருதி, ஏழைகள் வெண்ணெய்க்குப் பதிலாக உண்ட மார்கரினில் இம்முறையைக் கையாள அந்நிதி அனுமதி மறுத்தது. 1940-களில் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. பொதுச் சொத்தான ஒரு கலாசாலை, தன்னை நாடிவரும் ஒரு வகுப்பாரின் லாபத்துக்காக மற்றோரைக் கைவிடலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மரபணுச் சங்கேதத்தைப் பற்றி எந்தக் குடியானவரும் வந்து கேட்டதில்லை. எனினும், பஞ்சாபின் சிற்றூரொன்றில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1960 முதல் பத்தாண்டுக் காலம் அங்கே அமர்ந்து அதை ஆராய்வதற்கு அதே கலாசாலை இடமளித்தது; 1968-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செலவிட்ட பணத்துக்கு இவ்வாண்டே பலன் எங்கே என்று ஆராய்ச்சிச் சாலைகளைக் கேட்கும் அரசாங்கங்கள், லிங்க்கிடம் 1934-இல் அதையே கேட்டிருந்தால், காட்டுவதற்கு அவரிடம் கெட்டுப்போன புல்லைத் தவிர வேறென்ன இருந்திருக்கும்?