புள்ளிராஜாவும் எழுபத்திரண்டு மணி நேரமும்

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் கேள்விதான். ஊரே சிரித்தது. கல்லூரிகளில் அது ஒரு கேலிப்பெயராகவே ஆகிப்போனது. விளம்பரம் என்ற வகையில் பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் கேள்வியை மனப்பாடம் செய்த அளவுக்கு யாரும் பதிலைப் படிக்கவில்லை.

அதன் விளைவு இன்றும் தெரிகிறது. ஓர் இளைஞன் ஒரே ஒரு முறை, சில நிமிடங்கள், ஆணுறை இல்லாமல் உறவு கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையிலேயே அவன் மனசுக்குள் புள்ளிராஜா வந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு தூக்கம் கிடையாது, சாப்பாடு இறங்காது. வாயில் சின்னப் புண் வந்தாலும் பயம், பரீட்சை நேரத்துக் காய்ச்சல் வந்தாலும் பயம். சாப்பிடாததால் இரண்டு கிலோ குறைந்தால், "பார்த்தாயா, எடை குறைகிறது" என்று அதற்கும் பயம்! பயம் உண்டாக்கிய அறிகுறியே பயத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடுவது நல்லது. எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் ஒரு முறை யோனி வழி உறவு கொண்டால், ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-ல் சுமார் 4 என்கிறது மருத்துவ மதிப்பீடு. அதாவது 2,500-ல் ஒன்று. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம், அதாவது 500-ல் ஒருவர். எதிரில் இருந்தவரின் நிலை தெரியாதபோது இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சத்தில் ஒன்று.

உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். இது சராசரிக் கணக்கு. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு ஆபத்து 10,000-ல் 138. பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். எதிரில் இருப்பவருக்குச் சமீபத்தில்தான் தொற்று வந்திருந்தாலும் அப்படித்தான். ஊசியால் போதை ஏற்றுபவர்கள் போன்ற சில பிரிவினரிடையே தொற்று விகிதமே அதிகம். எனவே கணக்கு மனசை அமைதிப்படுத்த உதவுமே தவிர, பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்றால் என்னவென்று தெரியும். வரலாம், வராமலும் போகலாம் என்ற பொறுப்பு அது. அதைக் கடனாகப் பேலன்ஸ் ஷீட்டில் எழுத மாட்டார்கள், மறைக்கவும் மாட்டார்கள். கீழே குறிப்பாகக் காட்டிவிட்டு முடிவு தெரியும்வரை கவனித்துக்கொண்டிருப்பார்கள். பயத்தில் இருப்பவன் செய்யும் தப்பு, வராத கடனை முழுசாக எழுதிக்கொண்டு அன்றைக்கே திவாலாவது. இன்னொருவன் குறிப்புக்கூட எழுதாமல் மறைத்துவிடுகிறான். இரண்டுமே தப்பான கணக்குதான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதல் விஷயம், கடிகாரத்தைப் பார்ப்பது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைப் பெருமளவு தடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஊசி குத்திக்கொண்ட நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இதைத்தான் தருகிறார்கள். மற்றவர்களுக்குத் தேவையா இல்லையா என்பதை டாக்டர் ஆபத்தை எடைபோட்டுச் சொல்வார். கொடுமை என்னவென்றால், பயந்தவன் இந்த மூன்று நாளையும் போர்வைக்குள் அழுதே கழித்துவிடுகிறான். பயம் அவனைக் காப்பாற்றவில்லை, காப்பாற்றியிருக்கக்கூடிய நேரத்தைத்தான் தின்றது.

இரண்டாவது, நாட்காட்டி. மறுநாளே ஓடிப்போய் ரத்தம் கொடுத்தால், அந்த ரிசல்ட் பழைய நிலையைத்தான் சொல்லும். நான்காம் தலைமுறைச் சோதனை என்று லேப்களில் செய்வது 18 முதல் 45 நாளுக்குள் தொற்றைக் காட்டிவிடும். விரலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். அந்தக் கெடு முடிந்த பிறகு நெகட்டிவ் என்று வந்தால் நெகட்டிவ்தான். தடுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மட்டும் நாள் கணக்கு மாறும். அதோடு சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி போன்றவற்றுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். எச்.ஐ.வி.யை மட்டுமே நினைத்து நடுங்குபவர்கள் இவற்றை மறந்தே போகிறார்கள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" என்று ஒரு போர்டு இருக்கும். சோதனை இலவசம், ஆலோசனையும் இலவசம். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது, ஒருவரின் நிலையை வெளியே சொல்லவும் கூடாது. இவ்வளவு இருந்தும் நம் பையன்கள் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரைத் தேடிப்போய், ஆயிரக்கணக்கில் கொடுத்து லேகியம் வாங்கிவருகிறார்கள். ஏன்? லாட்ஜில் தெரிந்த முகம் இருக்காது. ஜி.எச்.சில் பக்கத்து வீட்டு அக்கா வேலை பார்ப்பார்!

உண்மையான பயம் இங்கேதான் இருக்கிறது. அது வைரஸைப் பற்றிய பயத்தைவிட ஊரைப் பற்றிய பயம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது மருந்தே இல்லை, பயத்துக்கு நியாயம் இருந்தது. 2004 ஏப்ரலிலிருந்து அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்து ஒழுங்காகச் சாப்பிடுபவர் மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் அது அடுத்தவருக்குத் தொற்றுவதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது, ஊர்வாய் மட்டும் 1986-லேயே நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பயத்தில் ஆண் எப்போதும் பெண்ணைத்தான் சந்தேகிக்கிறான். "அவள் எப்படிப்பட்டவளோ" என்பதுதான் அவன் முதல் கேள்வி. ஆனால் அதே உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-ல் சுமார் 8, ஆணைப்போல் இரண்டு மடங்கு. கர்ப்பம் பற்றிய கவலையும் அவளுக்கு மட்டும்தான். அவளும் அதே இரவு தூங்காமல் இருக்கலாம். பரிசோதனை இருவருக்கும் தேவை என்று அவளிடம் சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வருகிறது?

"பயத்தைப் போக்கினால் பையன்கள் கெட்டுப்போவார்கள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயம் முன்கூட்டியே தடுத்திருந்தால் அந்த வாதத்தில் அர்த்தம் இருக்கும். நடைமுறையில் அது முந்தைய நாள் இரவு வருவதில்லை, மறுநாள் காலையில்தான் வருகிறது. முந்தைய நாள் இரவு தேவைப்பட்டது ஓர் ஆணுறை. அதை மெடிக்கல் ஷாப்பில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் ஊரில், பயத்தை மட்டும் தாராளமாக விநியோகிக்கிறோம். செய்தது தப்பா சரியா என்பதை அவரவர் மனசாட்சி பேசி முடிக்கட்டும். அந்தக் குற்ற உணர்ச்சிக்கு ரத்தப் பரிசோதனையில் ரிசல்ட் வராது. அதனால்தான் சிலர் நெகட்டிவ் என்று ஐந்து முறை வந்த பிறகும் ஆறாவது முறை சோதனைக்குப் போகிறார்கள். அவர்களுக்குத் தேவை இன்னொரு சோதனை அல்ல, மனநல ஆலோசனை.

ஹாஸ்டலில் என்றாவது ஒரு நண்பன் ராத்திரி எழுப்பி, "மச்சி, ஒரு தப்பு பண்ணிட்டேன்டா" என்று ஆரம்பித்தால், யார், எங்கே, எப்படி என்று கதை கேட்க வேண்டாம். "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று நாள் தாண்டவில்லை என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். தாண்டிவிட்டால் சோதனைத் தேதியைக் குறித்துவைத்து, அன்றைக்குத் துணைக்குப் போங்கள்.