பாசமா? பரம்பரைச் சொத்தா?

“பெற்றோரை மீறி மணம் புரிவது இக்காலத்துப் பிள்ளைகளின் அடங்காமை, முற்காலத்துப் பிள்ளைகள் பணிந்து நடந்தனர்” என்கின்றனர் பழமையின் காவலர். பணிந்தனரா? பணிய வைக்கப்பட்டனரா? வரலாற்றைக் கேட்போம், வாரீர்!

பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சு நாடு. மன்னன் இரண்டாம் ஆன்றியின் அவையிலே பெருஞ்செல்வாக்குடன் வீற்றிருந்தார் படைத்தலைவர் மோன்மோரான்சி. அவர் மகன் பிரான்சுவா, அரசியின் தோழியருள் ஒருத்தியான ழானுக்கு மணவாக்குத் தந்திருந்தான். இருவர் மனமொப்பி வாக்களித்தாலே அது திருமணம் என்பதுதான் அன்றைய திருச்சபையின் விதி. தந்தைக்கோ வேறு கணக்கு! மன்னனின் மகள் தியான் கைம்பெண்ணாக இருந்தாள். அவளை மருமகளாக்கினால் அரச குடும்பத்தோடு உறவல்லவா?

மகன் மனத்தை மாற்றுவதோடு அவர் நிற்கவில்லை. மன்னனைக் கொண்டு சட்டத்தையே மாற்றினார்! 1557 பிப்ரவரியில் அரசாணை பிறந்தது. 30 வயது நிரம்பாத மகனும், 25 வயது நிரம்பாத மகளும் பெற்றோர் இசைவின்றி மணந்தால் சொத்துரிமையை இழக்கலாம். முன்பே வாக்களித்தோரையும் அந்த ஆணை விட்டுவைக்கவில்லை. ழான் கன்னிமாடத்தில் அடைக்கப்பட்டாள். பிரான்சுவா வாக்கைத் துறந்தான். அதே ஆண்டில் தியானை மணந்தான்.

ஒரு வீட்டின் பூசல் ஒரு நாட்டின் சட்டமாயிற்று! அதுவும் போதவில்லை. 25 வயது நிரம்பாதவரைப் பெற்றோர் அறியாமல் மணத்துக்கு இணங்கச் செய்வோர்க்கு மரண தண்டனை என்றது 1579ஆம் ஆண்டு ஆணை. அந்த இளையவரே விரும்பி வந்திருந்தாலும் மன்னிப்பில்லை!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! பாசந்தான் காரணமென்றால், அதற்குக் காவலாகக் கொலைக்களம் எதற்கு? அவர்கள் காத்தது பிள்ளையின் வாழ்வையன்று, பரம்பரைச் சொத்தை!

புரட்சி வந்தது. 21 வயது நிரம்பியோர்க்கு எவர் இசைவும் வேண்டா என்றது 1792 செப்டம்பர் 20ஆம் நாள் சட்டம். அந்த உரிமை முழுமையாய் வாழ்ந்தது பன்னிரண்டே ஆண்டுகள்! 1804இல் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு, 25 வயது வரை மகனை மீண்டும் பெற்றோர் முன் கைகட்டி நிறுத்தியது. தாயும் தந்தையும் மாறுபட்டால்? தந்தையின் இசைவே போதுமாம்! ‘பெற்றோர்’ என்ற சொல்லிலே, பெற்றவளுக்குக் கிடைத்த இடம் இதுதான்!

“பெரியோரின் அனுபவம் வீணா?” என்று இங்கும் கேட்கின்றனர். வீணன்று. அனுபவம் அறிவுரை கூறட்டும், ஆணையிட வேண்டா. வயது வந்த இருவர் மணம் புரியக் குடும்பத்தின் இசைவோ, குலத்தின் இசைவோ தேவையில்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27ஆம் நாள் தீர்ப்பளித்துவிட்டது.

ஆயினும், வந்த உரிமை திரும்பிப் போனதற்குப் பிரான்சே சான்று. ஏட்டிலே இருக்கும் உரிமை வீட்டிலே நுழைய வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் புரிய மூன்று சாட்சிகள் வேண்டும். அஞ்சி நிற்கும் இணையர் நாளை உங்களை நாடி வரலாம். அந்த மூவருள் ஒருவராய்க் கையெழுத்திட முன்வாருங்கள்!