300 வாங்கினால் 450!

மூன்று பேர் உட்காரும் ஆட்டோவில் ஒன்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களுடைய பதினெட்டுப் பைகளும் போவதை தினமும் பார்க்கிறோம். டிரைவரைக் கேட்டால், ''அதெல்லாம் தாங்கும் ஸார்'' என்பார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலாவது ஆள் ஏறியதும் அச்சு முறிகிற மாதிரி எந்தக் கம்பெனியும் வண்டி செய்வதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் செய்கிறார்கள். அந்த மிச்சம் எவ்வளவு என்று மட்டும் வண்டியில் எழுதி ஒட்டுவதில்லை. வம்பே அங்கேதான்.

கம்ப்யூட்டரிலும் இந்த மிச்சம் உண்டு. அதைத் தேடிப் பிடித்துச் சாப்பிடுவதற்கு ஓவர்க்ளாக்கிங் என்று பெயர்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ரெண்டே வரி. (தெரிந்தவர்கள் அடுத்த பாராவுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.) ப்ராஸஸருக்குள் ஓயாமல் ஒரு தாளம் தட்டிக்கொண்டிருக்கும். 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் செகண்டுக்கு 400 கோடி தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே, உள்ளே இருக்கிற டிரான்ஸிஸ்டர்கள் தங்கள் வேலையை முடித்து விடையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தாளத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ரொம்பக் கூட்டினால், மிருதங்கக்காரர் அவசரப்படுத்துகிறபோது பாடகர் நடுவில் நாலு எழுத்தை முழுங்கிவிடுவார் பாருங்கள், அதேதான் இங்கேயும். வோல்டேஜை ஏற்றினால் டிரான்ஸிஸ்டர்கள் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். கூடவே சூடும் ஏறும்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையில் ப்ராஸஸர்களை மாம்பழ மண்டி மாதிரி தரம் பிரிப்பார்கள். ஒரே வட்டத் தகட்டில் பிறந்த சகோதரர்கள்தான். நன்றாக ஓடுகிறவனுக்குப் பெரிய நம்பர், பெரிய விலை. சுமாராக ஓடுகிறவனுக்குச் சின்ன நம்பர். ஆனால் சின்ன நம்பருக்குத்தான் சந்தையில் கிராக்கி என்றால், நல்ல பழத்தையும் ரெண்டாம் கூடையில் போட்டு விற்பார்கள். அதோடு, வாங்குகிறவர் வீட்டில் வெயில் எப்படியோ, பவர் சப்ளை எப்படியோ, பத்து வருஷம் கழித்து சிப் எப்படிக் கிழடு தட்டுமோ என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பயம் வைத்துத்தான் நம்பர் போடுவார்கள்.

இந்த மிச்சத்தை உலகமே கூடி அள்ளியது 1998-ல். அந்த வருஷம் ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்று ஏழைகளுக்கான ஒரு ப்ராஸஸர் விட்டது. 300 மெகாஹெர்ட்ஸ். அதே மாதம் பணக்காரர்களுக்கு பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். முன்னதன் விலை 150 டாலருக்கும் கீழே, பின்னதன் விலை 650 டாலருக்கும் மேலே. செலரானின் கணக்கு, போர்டிலிருந்து வருகிற 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரையால் பெருக்கினால் 300. அந்த நாலரையைத் தொட முடியாதபடி பூட்டுப் போட்டிருந்தார்கள். (சின்ன நம்பர் சிப்பின் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் பெரிய நம்பர் அச்சடித்து விற்கும் புண்ணியவான்கள் அப்போது இருந்தார்கள். அந்தப் பூட்டுக்கு அவர்களும் ஒரு காரணம்.) ஆனால் 66-க்குப் பூட்டு இல்லை. அதை 100 ஆக்கினால் நாலரை நூறு 450! சில போர்டுகளில் இதற்கு பயாஸில் ஒரு வரியை மாற்றினால் போதும். வசதி இல்லாத போர்டுக்காரர்கள் ப்ராஸஸர் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு பின்னை டேப் ஒட்டி மறைத்தார்கள். வீட்டு அம்மணியின் நெயில் பாலிஷை எடுத்துப் பூசியவர்களும் உண்டு.

ஓடியது! அதில்தான் அதிசயம். பென்டியம் 2-ல் கேஷ் என்கிற அவசர ஞாபகம் தனிச் சில்லுகளில், பாதி வேகத்தில் ஓடும். செலரானில் அளவு கால் பங்குதான், 128 கிலோபைட். ஆனால் அது ப்ராஸஸருக்குள்ளேயே முழு வேகத்தில் இருந்தது. அதனால் பல வேலைகளில் சின்னவன் பெரியவனுக்குச் சமமாக ஓடினான்.

அன்றிலிருந்து ஒரு தலைமுறைக்கே ''போட்டேன், ஓடிச்சு'' என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. திருச்சியிலிருந்து என் அண்ணன் மகன் போன் செய்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

''சித்தப்பா, 5.2 ஓடுது!''

இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் 'கே' என்று வரும் பூட்டில்லாத ஜாதி அவனுடைய ப்ராஸஸர். கம்பெனி சொன்ன உச்சம் 4.9 கிகாஹெர்ட்ஸ்.

''ஸ்டேபிளா இருக்காடா?''

''விண்டோஸ் வந்திருச்சு. கேம் ரெண்டு மணி நேரம் ஆடினேன். அதான் ஓடுதே சித்தப்பா.''

அதே கம்ப்யூட்டரில்தான் பகலில் அண்ணன் பெயின்ட் கடைக் கணக்கு எழுதுகிறார். ஜி.எஸ்.டி., வரவு செலவு, யார் யார் எவ்வளவு கடன் என்று பதினோரு வருஷத்துச் சங்கதி. அண்ணனுக்கு 5.2-ம் தெரியாது, 4.9-ம் தெரியாது.

மைக்ரோசாஃப்ட்டில் ரேமண்ட் சென் என்று ஓர் இன்ஜினீயர். விண்டோஸ் உள்விவகாரங்களை ரசமாக எழுதுகிறவர். 2005-ல் அவர் எழுதிய ஒரு சம்பவம். அங்கே உலகமெங்கும் விண்டோஸ் மண்டையைப் போடும்போதெல்லாம் ரிப்போர்ட் வரும். சில ரிப்போர்ட்களில் விழுந்த இடம் விசித்திரமாக இருந்தது. ப்ராஸஸருக்குள் இருக்கும் ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கு என்கிற கட்டளை. மெமரியைத் தொட வேண்டாம், டிஸ்க்கைக் கேட்க வேண்டாம். கையில் இருப்பதைக் கீழே போடு என்பது மாதிரி. அதில் எவனாவது தோற்க முடியுமா? தோற்றிருந்தார்கள். சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதிக் கேட்டபோது, பலர் ''ஆமாம், ஓவர்க்ளாக் செய்திருக்கிறேன்'' என்றார்களாம். சிலருக்கு அந்த வார்த்தையே தெரியாது. தேடிப் பார்த்தால், கம்ப்யூட்டரை விற்ற கடைக்காரரே சொல்லாமல் வேகத்தை ஏற்றி, பெரிய நம்பர் விலைக்கு விற்றிருந்தார்.

2011-ல் அதே கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு சுமார் பத்து லட்சம் கம்ப்யூட்டர்களின் ரிப்போர்ட்களைச் சேர்த்து அலசியது. ஓவர்க்ளாக் செய்தவை அதிகம் விழுந்தன. இது எதிர்பார்த்ததுதான். சொன்ன வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து ஓட்டினவை மற்றவற்றைவிடக் குறைவாக விழுந்தன என்பதும் அதில் இருந்தது. (நம் தாத்தாக்கள் ஸ்கூட்டரை நாற்பதுக்கு மேல் ஓட்டாததை இப்போது வேறு கண்ணோடு பார்க்கலாம்.)

விழுந்தால்கூடப் பரவாயில்லை. நீலத் திரை வரும், திட்டுவோம், மறுபடி போடுவோம். விழாமல் தப்பாக எழுதுவதுதான் பயங்கரம். ஒரு தட்டில் ஒரு பிட் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்றானால், அது மானிட்டரில் பச்சைப் புள்ளியாகப் போகலாம், யாருக்கும் தெரியாது. ஒரு ஃபைலின் நடுவே போய் உட்கார்ந்தால் ஆறு மாசம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பேக்கப்பிலும் அதே கெட்டுப்போன ஃபைல்தான் இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் மெமரிப் பிழையைக் கண்டுபிடிக்கும் ஈ.ஸி.ஸி. கிடையாது. சர்வர்களுக்குத்தான் அந்த மரியாதை.

ஆகவே பையனை ப்ரைம்95 போடச் சொன்னேன். இது பெரிய பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக 1996-ல் ஆரம்பித்த ஒரு கூட்டு முயற்சியின் ப்ரோக்ராம். விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளை ராட்சச வேகத்தில் போடச் சொல்லி, சரியாகப் போடுகிறதா என்று பார்க்கும் சோதனை வசதி அதில் இருக்கிறது. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை வைக்கிற வாத்தியார். பையனின் 5.2, பதினோராவது நிமிஷத்தில் ஒரு கோரில் தப்பு விடை எழுதியது. விண்டோஸ் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுகூடப் பாடிக்கொண்டிருந்ததாம்.

''அப்ப வோல்டேஜைக் கூட்டிரலாமா?'' என்றான்.

கூட்டலாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். சூடு, வேகம் ஏறுகிற அதே விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கி வேகத்தைப் பத்து சதம் கூட்டினால், சூடு கிட்டத்தட்ட 39 சதம் கூடும். பத்து ரூபாய்க்கு வாங்கி முப்பத்தொன்பது ரூபாய் வட்டி.

அடுத்தது நம் ஊர் வெயில். கூலர் என்பது குளிர்சாதனம் இல்லை. அறைச் சூட்டுக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் அதால் வைக்க முடியும். வெளிநாட்டுக்காரர் 22 டிகிரி அறையில் சோதித்து ''84 டிகிரிதான் வருகிறது'' என்று எழுதினால், மே மாசத் திருச்சியில், 36 டிகிரி மாடி அறையில், அது 98. நூறை எட்டியதும் அவன் ப்ராஸஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். கூட்டினவர் கூட்டினதாக நினைத்துக்கொண்டிருப்பார். டிசம்பரில் செட் செய்துவிட்டு ''ஸ்டேபிள்'' என்கிறவர்களை நான் நம்புவதில்லை. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ரெண்டு மணிக்குச் சோதிக்கட்டும்.

சூட்டை ஒழித்தால் எவ்வளவு போகலாம் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் ஏ.எம்.டி. கம்பெனியின் எஃப்.எக்ஸ். ப்ராஸஸர் ஒன்றை, மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியம் ஊற்றி 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை விரட்டிக் கின்னஸில் ஏற்றினார்கள். அதில் பெயின்ட் கடைக் கணக்கு எழுத முடியாது.

வோல்டேஜின் இன்னொரு கெட்ட குணம், அது உடனே கொல்லாது. கம்பிகள் மிக மெல்லியவை. ஓடுகிற எலெக்ட்ரான் கூட்டம் உலோக அணுக்களை மெள்ளத் தள்ளித் தள்ளி ஒரு பக்கம் குவிக்கும். சூடும் கரன்ட்டும் கூடக் கூட இந்த அரிப்பு வேகமாகும். 2002 வாக்கில் வந்த நார்த்வுட் ரக பென்டியம் 4-க்கு ஒன்றரை வோல்ட் கணக்கு. அதை 1.7-க்கு மேல் ஏற்றினவர்களின் சிப்கள் சில மாதங்கள் ஜோராக ஓடி, ஒரு நாள் காலை எழுந்திருக்கவில்லை. வாரன்ட்டியும் கிடையாது. ஓவர்க்ளாக்கால் வந்த சேதத்துக்கு இன்டெல்லும் பொறுப்பில்லை, ஏ.எம்.டி.யும் பொறுப்பில்லை.

இத்தனைக்கும் பிறகு செய்தே தீருவேன் என்கிறவருக்கு வழி இருக்கிறது. முதலில் முக்கிய ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மெமரியைத் தனியாக மெம்டெஸ்ட்டில் ஓட்டுங்கள். எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்று பயாஸில் நல்ல பிள்ளை மாதிரி இருப்பதும் ஓவர்க்ளாக்தான். பிறகு வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஏற்றி, சோதனை. இன்னொரு 100, மறுபடி சோதனை. ஒரே நேரத்தில் ரெண்டு விஷயத்தை மாற்றினால் எதனால் விழுந்தது என்று தெரியாது. தப்பு வந்த இடத்திலிருந்து ஒரு படி, முடிந்தால் ரெண்டு படி இறங்கி நில்லுங்கள். ராத்திரி முழுக்க ஓடட்டும். போர்டு 'ஆட்டோ' என்று தானே வோல்டேஜ் வைத்துக்கொள்ள விடாதீர்கள். தாராளப் பிரபு அது. திரையே வராவிட்டால் பதறாமல், பவரைப் பிடுங்கிவிட்டு, போர்டு புத்தகத்தில் சொல்லியிருக்கும் க்ளியர் சிமாஸ் பின்களைத் தொட்டால் பழையபடி ஆகிவிடும்.

பையன் கேட்ட ஒரு கேள்வி நல்ல கேள்வி. ''கம்பெனி வைக்கிற வேகம் மட்டும் பத்திரமா சித்தப்பா?'' இப்போதெல்லாம் கம்பெனிக்காரர்களே மிச்சத்தை வழித்து எடுத்து 'டர்போ' என்று நமக்கு விற்றுவிடுகிறார்கள். இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராஸஸர்களில் பல, யாரும் தொடாமலே கேம்களில் விழ ஆரம்பித்தன. 2024 ஜூலையில் இன்டெல், தங்கள் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது என்று ஒப்புக்கொண்டது. அதைத் திருத்தி, வாரன்ட்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினார்கள். ஏற்கெனவே அரிபட்ட சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும். அந்த ரகம் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஓவர்க்ளாக் அப்புறம்.

விஷயம் தெரிந்தவர்கள் இப்போது எதிர்த்திசையில் போகிறார்கள். வேகத்தைத் தொடாமல், அதே பரீட்சையில் தேறுகிறவரை வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். சூடு குறைவதால் டர்போ அதிக நேரம் நீடிக்கிறது. பையனும் ரெண்டு நாள் உட்கார்ந்து இதைத்தான் செய்தான். 5.0-ல் நிறுத்தியிருக்கிறான். கம்பெனி சொன்னதைவிட ரெண்டே சதம் ஜாஸ்தி. சோதனை ராத்திரி முழுக்க ஓடித் தேறியது. ஆனாலும் கடைக் கணக்கைப் பழைய லேப்டாப்புக்கு மாற்றிவிடச் சொல்லிவிட்டேன், மாற்றிவிட்டான்.

அண்ணன் நேற்று போனில், ''லேப்டாப் கொஞ்சம் ஸ்லோதான். ஆனா ஃபேன் சத்தம் இல்லை, நிம்மதியா இருக்கு'' என்றார். ஏன் மாற்றினோம் என்று அவர் கேட்கவில்லை. பையனும் சொல்லவில்லை.