தட்டின பிறகும் இசை இருக்கு

கிளிநொச்சிப் பக்கம் திருவிழா மேடையில கீபோர்ட்காரர் விரலை வேகமா ஓட்டினாத்தான் விசில் பறக்கும். மெதுவா வாசிச்ச என்ர நண்பனிட்ட "என்ன, நித்திரையோ?" எண்டு கத்தினாங்கள். அவன் பிறகு மேடை ஏறேல்ல.

அந்தக் கீபோர்ட்டுக்குள்ள வைப்ரஃபோன் சத்தமும் இருக்கு. ஜெனரல் மிடி வரிசையில் 12ஆவது. உண்மையான வைப்ரஃபோனை யூடியூப்பில்தான் பார்த்தன். உலோகச் சட்டங்கள், கீழே குழாய்கள், குழாய் வாயில் மோட்டரால் சுழலும் தட்டுகள். தட்டினா சுரம் பிறந்தாச்சு. வீணைக் கம்பி மாதிரி அதை இலேசில இழுத்து வளைக்கேலாது.

ஆனா மில்ற் ஜாக்சன் மோட்டரின் வேகத்தைக் குறைச்சார். அதிர்வு மெதுவாகி, உலோகம் மனிசக் குரல் மாதிரிப் பாடிச்சுது. கேரி பர்ட்டன் மோட்டரையே நிப்பாட்டினார். நாலு கோல் பிடிச்சு, எந்தச் சுரம் நீளவேணும், எது அடங்கவேணும் எண்டதைக் கோல் நுனியாலயும் பெடலாலயும் தீர்மானிச்சார்.

சீதா துரைசாமி வாசிச்ச ஜலதரங்கத்துக்கும் இதே சிக்கல்தான். அதில கிண்ணத்தைத் தட்டின கையோட கோலால தண்ணியைத் தொட்டுத்தான் கமகம் எடுப்பினம்.

தனி வாசிப்பு ஓட்டப்போட்டி இல்லை. வாத்தியம் லேசில தராததை அதுக்குள்ளயிருந்து வாங்கிறதுதான் தனி. அடுத்த திருவிழாவில ஆரும் ஒரு சுரத்தை அடங்கும்வரை விட்டுவச்சா, கத்தாமல் கேப்பம். விசிலைப் பிறகு அடிக்கலாம்.