பந்தி வஞ்சனை

பந்தி வஞ்சனை என்று தமிழில் ஒரு சொல் உண்டு. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் இலைக்கு நெய்யும் அடுத்தவர் இலைக்கு வெறும் ரசமும் விடுவதற்குப் பெயர் பந்தி வஞ்சனை. கல்யாண வீட்டில் சாம்பார் உப்புக் கரித்தால் சமையற்காரரைத்தான் வைவார்கள். சாதம் போதாமல் போனால், "பாவம், எதிர்பாராத கூட்டம்" என்று மன்னித்துவிடுவார்கள். ஆனால் பந்தி வஞ்சனை நடந்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால் போதும். பெண்ணைப் பெற்றவர் அதற்கப்புறம் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எவ்வளவு போட்டாய் என்று தமிழன் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒன்றாகப் போட்டாயா என்றுதான் கேட்கிறான்.

இந்தப் பழைய சொல்லை இப்போது நான் தூசி தட்டி எடுப்பதற்குக் காரணம், உள்நாட்டு விமானங்களில் உயர்ந்த வகுப்புப் பிரயாணிகளுக்கு நடக்கும் விருந்துபசாரம்தான்.

காட்சி எல்லோருக்கும் தெரிந்ததே. விமானம் மேலே எழும்பிச் சமநிலைக்கு வந்ததும் முன்புறத்தில் இரண்டு மூன்று வரிசைகளில் சுறுசுறுப்பு உண்டாகிறது. வெந்நீரில் நனைத்த துவாலை வருகிறது. பீங்கான் தட்டு வருகிறது. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்த தட்டு வருகிறது. சுடவைத்த ரொட்டியின் வாசனை கிளம்புகிறது. பிறகு, நடுவில் ஒரு திரை இழுக்கப்படுகிறது. திரை கண்ணை மறைக்கும், மூக்கை மறைக்குமா? பின்னால் உட்கார்ந்திருக்கும் நூற்றுச் சொச்சம் பேரும் அந்த வாசனையைச் சாப்பிட்டுக்கொண்டு, தள்ளுவண்டி எப்போது வரும், அதில் வரும் பண்டத்துக்கு என்ன விலை என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அகலமான ஆசனத்தின்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. கால் நீண்டவர் இருக்கிறார்; முதுகுவலிக்காரர் இருக்கிறார்; கையில் பணம் இருந்து, கொஞ்சம் தாராளமாக உட்கார ஆசைப்படுகிறவரும் இருக்கிறார். அதிகப் பணம் கொடுக்கட்டும், அதிக இடம் எடுத்துக்கொள்ளட்டும். இடம் என்பது அளந்து விற்கக்கூடிய சரக்கு. என் வழக்கெல்லாம் சோற்றைப் பற்றியது. சோறு அப்படிப்பட்ட சரக்கு அல்ல, அதுவும் பலர் பார்க்க ஒருவர் முன்னால் வைக்கப்படும்போது.

அந்தச் சாப்பாட்டில் அப்படி என்ன ருசி இருக்கிறது என்று பார்ப்போம். அது விமானத்தில் சமைக்கப்படுவதில்லை. பல மணி நேரத்துக்கு முன்பே தரையிலுள்ள பெரிய சமையற்கூடத்தில் சமைத்து, குளிரவைத்து, பெட்டியில் அடைத்து ஏற்றியது; மேலே போனபின் சூட்டடுப்பில் வைத்துச் சூடாக்கியது. வீட்டில் பழையதைச் சுடவைத்துக் கொடுத்தால் முகம் சுளிக்கிற கனவான்கள், ஆகாயத்தில் அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். போகட்டும், நாக்காவது ஒத்துழைக்கிறதா? பறக்கும் விமானத்துக்குள் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோல் இருக்கும். உதகமண்டலத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உதகையின் ஈரம் அங்கே இல்லை. பாலைவனத்துக் காற்று மாதிரி வறண்டு கிடக்கும். மூக்கு உலர்ந்துவிடும், மூக்கு உலர்ந்தால் நாக்கும் பாதி செத்த மாதிரிதான். 2010-இல் ஜெர்மனியில் லுப்தான்ஸா நிறுவனத்துக்காக விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து, அந்த நிலையில் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் கணிசமாகக் குறைவாகவே தெரிகின்றன என்று கண்டார்கள். ஆக, அங்கே விற்கப்படுவது ருசி அல்ல. பின்னே எது? "எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை" என்ற அந்த எண்ணம் இருக்கிறதே, அதுதான் சரக்கு. பின்னால் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பீங்கான் தட்டுக்கு அரை விலைகூடப் போகாது.

பசிக்குத்தானே போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால், அவருக்கு 2020-ஆம் ஆண்டை ஞாபகப்படுத்துகிறேன். கொரோனா ஊரடங்குக்குப் பின் அந்த வருஷம் மே 25-ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, உணவு பரிமாறக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஆகஸ்டு மாதக் கடைசி வரை அப்படியே நடந்தது. மறுபடி 2021 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த பிரயாணங்களில் சாப்பாடு கிடையாது. அந்த மாதங்களில் முன் வரிசைக் கனவான்களும் பின் வரிசைக் குடியானவர்களும் ஒன்றுபோல் வாயைக் கட்டிக்கொண்டு பறந்தார்கள். யாரும் மயங்கி விழுந்துவிடவில்லை. சென்னையிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். காலை ஆகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் வீட்டில் நாம் சும்மா இருக்கிற நேரத்தைவிட அது குறைவு.

"விலை குறைந்த விமானத்தில் இலவசச் சோறு எப்படிப் போட முடியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2003-இல் ஏர் டெக்கான் வந்தபோது சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டுக் கட்டணத்தைக் குறைத்தது. வேண்டியவர் வாங்கிச் சாப்பிடலாம் என்றது. அதனால்தான், அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டும் பார்த்திருந்த எத்தனையோ பேர் அதில் ஏறி உட்கார முடிந்தது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். எல்லோருக்கும் இல்லை என்பதிலும் ஒரு சமத்துவம் இருக்கிறது. 2006-இல் தொடங்கிய இண்டிகோ, பல வருஷம் எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்றுதான் பறந்தது. அந்த நிறுவனமே 2024 நவம்பரில் டில்லி–பம்பாய் வழியில் ஓர் உயர்ந்த வகுப்பை ஏற்படுத்தி, அதில் உட்கார்ந்தவருக்கு மட்டும் கட்டணத்தோடு சேர்த்து உணவுப் பெட்டி வழங்கலாயிற்று. ஏர் இந்தியாவோ புதுப்பித்த ஏ320 விமானங்களில் முன்னால் 8 ஆசனம், நடுவில் 24, பின்னால் 132 என்று மூன்று படி கட்டியது. ஒரு பஸ்ஸைவிடக் கொஞ்சமே அகலமான குழாய்க்குள் மூன்று படி!

படி கட்டத் தொடங்கினால் எதுவரை போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017 ஜூலையில், ஏர் இந்தியா அரசாங்கத்தின் கையில் இருந்தபோது, உள்நாட்டுப் பிரயாணத்தில் சாதாரண வகுப்பாருக்கு இனி மாமிச உணவு கிடையாது என்று அறிவித்தார்கள். செலவு மிச்சமாகும், உணவு வீணாகாது என்று காரணம் சொன்னார்கள். நல்லது, ஆனால் பிசினஸ் வகுப்பாருக்கு அது தொடர்ந்து உண்டு! சிக்கனம் திரைக்குப் பின்னால் மட்டும் பாய்ந்தது. மீனும் கருவாடும் தின்று வளர்ந்த எங்கள் கடற்கரைக்காரன் ஒருவன் அந்த விமானத்தில் ஏறியிருந்தால் என்ன நினைத்திருப்பான்? காய்கறி சாப்பிடுவது அவனுக்கு அவமானமல்ல. முன்னால் இருப்பவனுக்குக் கோழி, உனக்குக் கூடாது என்பதுதான் அவமானம். 2022-இல் அந்த நிறுவனம் டாடாவிடம் போயிற்று. அந்த ஏற்பாடும் போயிற்று. ஆனால் அதைப் பெற்ற மனப்பான்மை போய்விடவில்லை.

புரட்டாசி மாதத்தில் ஒரு தடவை சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தேன். என் பக்கத்து ஆசனங்களில் ஒரு தாயும் ஆறேழு வயசுப் பெண்ணும். குலசேகரன்பட்டினம் தசராவுக்காக ஊருக்குப் போகிறவர்கள். திரைக்கு அடுத்த முதல் வரிசை எங்களுடையது. வாசனை வந்தது. குழந்தை எட்டி எட்டித் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தது. பார்த்துவிட்டு, "யம்மா, அவங்கல்லாம் மாலை போட்டிருக்காங்களா?" என்று கேட்டது. "சும்மா இருட்டி. அது வேற டிக்கெட்டு" என்றாள் தாய். பிறகு பைக்குள் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தாள்; முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்காது. எங்கள் குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, வேடம் கட்டுவார்கள். காளி வேடம், குரங்கு வேடம், போலீஸ்காரர் வேடம், பிச்சைக்காரர் வேடம் என்று எத்தனையோ. வேடம் எதுவானாலும் வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்டு வாங்கி அம்மன் உண்டியலில் சேர்க்க வேண்டும். ஊரில் பெரிய கடை வைத்திருக்கிறவரும் அன்று தட்டேந்துவார். ராஜா வேடம் போட்டவரும் தட்டேந்துவார். ஒருவரை முன்னால் உட்காரவைத்து விசேஷமாக உபசரிப்பதென்றால், அவர் மாலை போட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் குழந்தை கண்ட உலகம். விமானத்திலும் வேடம்தான் கட்டுகிறார்கள்; ஒரு மணி நேரத்து ராஜா வேடம். ஆனால் குலசையில் உயர்ந்தவன் தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேடம் கட்டுகிறான். அங்கே கட்டுகிற வேடத்துக்கு, தாழ்ந்தவனாக நடிக்கப் பின்னால் நூறு பேர் தேவைப்படுகிறார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்பதுமில்லை, சம்பளம் கொடுப்பதுமில்லை.

"பிரயாணத்தில் வகுப்பு என்பது புதிதா? வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பலிலும் முதல் வகுப்பு இருந்ததே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். இருந்தது. ஆனால் கப்பலில் முதல் வகுப்புக்காரர் தம் அறையில் சாப்பிட்டார். ரயிலில் அவர் தனிப் பெட்டியில் சாப்பிட்டார். பெரிய ஓட்டலுக்குள் போகிறவன் சுவருக்குப் பின்னால் சாப்பிடுகிறான். தனி வீட்டில் தனிச் சாப்பாடு. அதில் வஞ்சனை இல்லை. பந்தி ஒன்றாகி, ஒரே கூரையும் ஒரே நடைவழியும் ஆகி, பரிமாறுகிற கையும் ஒன்றாகிவிட்டால் கணக்கு வேறு.

இந்தக் கணக்கை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே, தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவி குருகுலத்தில், சில பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்பதற்காக 1924-25-இல் தமிழ்நாடே கொந்தளித்தது. அதை நடத்தியவர் வ.வே.சு. ஐயர், சாதாரண மனிதரல்லர், பெரிய தேசபக்தர். ஆனாலும் ஜனங்கள் விடவில்லை. ரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்றிருந்த வழக்கம் 1941-இல் ஒழிந்தது. 1950களில் காமராஜர் எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். அங்கே பிறப்பு, இங்கே பணம்; இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பணத்தைச் சம்பாதிக்கலாம், பிறப்பைச் சம்பாதிக்க முடியாது. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற குழந்தைக்கு அந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது? அதற்குத் தெரிவதெல்லாம் தனக்கு இலை போடவில்லை என்பதுதான்.

"நடைமுறைக்கு ஒத்துவராது" என்பது அடுத்த ஆட்சேபம். ஏன் வராது? 1969-இல் ராஜதானி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது டிக்கெட்டோடு சாப்பாடும் சேர்ந்தே வந்தது. நாற்காலி வண்டியில் உட்கார்ந்தவருக்கும் உண்டு. 1988-இல் வந்த சதாப்தியிலும் இரண்டு வகுப்பாருக்கும் தட்டு வந்தது. ரயிலால் முடிந்தது விமானத்தால் முடியாதா?

இதை இப்போதே சொல்ல வேண்டிய அவசரம் எங்களுக்கு உண்டு. தூத்துக்குடிக்கு மேற்கே வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வெகுகாலம் வந்து போனவை ஏ.டி.ஆர். என்ற சிறிய இறக்கைவிசிறி விமானங்கள். பக்கத்துக்கு இரண்டு ஆசனம். முன்னும் பின்னும் ஒரே வகுப்பு. மிளகாய் வியாபாரியும் துறைமுக அதிகாரியும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்தார்கள். 2025 ஜூலையில் அங்கே புதிய முனையம் திறந்தாயிற்று. ஓடுபாதையையும் பெரிய விமானம் இறங்கும்படி நீட்டியாயிற்று. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அந்த ராக்கெட்டில் ஏறப்போவது செயற்கைக்கோள். அதற்குப் பசியும் இல்லை, அந்தஸ்தும் இல்லை. ஆனால் அதைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு இரண்டும் உண்டு. பெரிய விமானம் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? அதோடு கூட அந்தத் திரையும் வந்து இறங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

என் யோசனை மிகச் சிறியது. இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த பிரயாணத்தில் ஒன்று, எல்லோருக்கும் ஒரே பண்டம் கொடுங்கள். அல்லது, யாருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். கொடுப்பதென்றால் பெரிய விருந்து வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டி போட்ட ஒரு குவளைக் காப்பியும், தூத்துக்குடி மக்ரூன் ஒன்றும் போதும். வறண்ட நாக்குக்கும் கருப்பட்டியின் மணம் எட்டும், செலவும் சொற்பம். உயர்ந்த வகுப்பாருக்கு விருந்து வைத்தே தீர வேண்டுமென்றால், விமான நிலையத்தில் அவர்களுக்கென்று குளிர்சாதன அறை கட்டி வைத்திருக்கிறார்களே, அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பதினாறு வகைக் கறியோடு போடட்டும். வயிறு நிறைந்தபின் வந்து அகலமான ஆசனத்தில் சாய்ந்துகொள்ளட்டும். நான் பொறாமைப்பட மாட்டேன்.

இடத்துக்கு விலை வையுங்கள், ஜன்னலுக்கு விலை வையுங்கள், கால் நீட்டுவதற்கும் விலை வையுங்கள், கொடுக்கிறோம். ஆனால் பலர் பார்க்க ஒருவருக்கு மட்டும் இலை போடுவதை உபசாரம் என்று சொல்லாதீர்கள். அதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது.