கழிவுநீர் நிலையங்களைக் கட்டினால் மட்டும் போதாது

கொழும்பு மாநகரின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி 1906 முதல் 1916 வரையான காலப்பகுதியில் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின்னர், அதனைச் சீரமைப்பதற்காக 2009 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் கடன் பெற வேண்டியேற்பட்டது. இந்த நூற்றாண்டில் இரத்மலானை, ஜா-எல, கண்டிக்கு அண்மையிலுள்ள கன்னொருவை ஆகிய இடங்களிலும் வெளிநாட்டு நிதியுதவியுடன் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டுள்ளன. இவற்றின் கொங்கிரீட் தொட்டிகளும் ஒருநாள் முதுமையடையும் என்பதை இப்போதே கவனத்திற்கொள்வது அவசியமாகும்.

கொங்கிரீட் அழியாதது என்பது பொதுவான எண்ணமாகும். ஆனால், கழிவுநீர் அதனையும் அரித்துவிடுகின்றது. பிராணவாயு இல்லாத கழிவுநீரில் வாழும் பக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டு வாயுவை உருவாக்குகின்றன. அவ்வாயு மேலெழுந்து ஈரமான சுவரிலும் கூரையிலும் படியும்போது வேறொருவகைப் பக்டீரியாக்கள் அதனைச் சல்பூரிக் அமிலமாக மாற்றுகின்றன. மெல்பேர்ன் நகரின் சிதைந்த குழாய்களை ஆராய்ந்த பார்க்கர் என்ற விஞ்ஞானி 1945 இல் இதனை வெளிப்படுத்தினார். அமிலம் பட்ட சீமெந்து ஜிப்சமாக மாறி, களிபோல உதிர்கின்றது. பின்னர் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. எமது நாட்டைப் போன்ற வெப்ப வலயத்தில் இந்த அரிப்பு மேலும் விரைவாக நிகழ்கின்றது. சிதைவு நீர்மட்டத்திற்கு மேலேயே கடுமையாக இருக்கும். எனினும் மூடிய தொட்டிகளில் அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

உரிய வேளையில் கண்டறிந்தால் கட்டமைப்பை இடிக்காமலேயே மீட்க முடியும். உயர் அழுத்த நீரைப் பாய்ச்சி, பழுதடைந்த பகுதியை உறுதியான கொங்கிரீட் தென்படும்வரை அகற்றவேண்டும். துருப்பிடித்த கம்பிகளைச் சீராக்கி, சாந்திட்டு நிரப்பியபின் எபொக்சி, பொலியுரேத்தேன் போன்ற பாதுகாப்புப் பூச்சுகளை இடலாம். அமிலத்தை ஓரளவு தாங்கவல்ல கல்சியம் அலுமினேற்று சீமெந்துச் சாந்தும் பயன்படுத்தப்படுகின்றது. ஆயினும், இதனைச் சுவருக்கு வர்ணம் பூசுவதாக எவரும் எண்ணிவிடலாகாது. அழுக்கும் ஈரமும் நீங்காத பரப்பில் இடப்படும் பூச்சு விரைவிலேயே கழன்றுவிடும். ஊசிமுனைத் துளையொன்று போதும், அமிலம் உட்புகுந்துவிடும். ஆகவே, குறைந்த விலையை மட்டும் பார்த்து ஒப்பந்தம் வழங்காது, வேலையின் தரத்தையும் பரிசோதிக்கவேண்டும்.

இது வெறும் பணப் பிரச்சினையன்று. கொங்கிரீட்டை அரிக்கும் அதே வாயு, குழியினுள் இறங்கும் தொழிலாளியின் உயிரையும் பறிக்கவல்லது. செறிவு கூடும்போது மணமே உணரப்படாதமையால் ஆபத்து முன்கூட்டித் தெரிவதில்லை. வாயுப் பரிசோதனையும் காற்றோட்டமுமின்றி எவரையும் உள்ளே இறக்கலாகாது.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திய நாடு நாம். இடிந்தபின் மீண்டும் கடன்பெற்றுக் கட்டலாம் என்ற நினைப்பு இனிப் பொருந்தாது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் உள்ளூராட்சி மன்றங்களும் கொங்கிரீட் பரிசோதனைக்கும் புனரமைப்புக்கும் ஆண்டுதோறும் தனியான நிதி ஒதுக்கவேண்டும். திறப்பு விழாவுக்குக் காட்டும் அக்கறையைப் பராமரிப்பிலும் காட்டவேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.